தனக்கே சம்மன் அனுப்பிய சாப்

அந்தமானில், காலையில் சாத்தாமிலிருந்து பாம்பூஃப்ளாட் போகும் படகில் எனக்கு முன்னால் இரண்டு குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"நம்ம பெரிய அதிகாரி, படா சாப், தன்னைத்தானே விசாரிக்கிறாரு, தம்பி."

இளையவர் புரியாமல் பார்த்தார்.

"படகுத்துறையில மந்திரி பேசின கூட்டத்துல குண்டு வெடிச்சுதுல்ல? அப்படி நடக்கும்னு மெயின்லாண்டுலேருந்து முன்னாடியே மூணு வயர்லெஸ் சேதி வந்துச்சு. மூணையும் நான்தான் சாப் மேசையில வச்சேன். 'சும்மா பயமுறுத்துறாங்க'ன்னு கையெழுத்துப் போட்டு ஃபைல்ல வைக்கச் சொல்லிட்டாரு."

"மந்திரிக்கு அடி இல்லையேண்ணே?"

"அவர்தான் கடல்ல குதிச்சிட்டாரே! இப்ப டில்லியில ஒரே ரகளை. எச்சரிக்கையை அமுக்கினது யாருன்னு விசாரிக்க, நம்ம சாப்பையே போட்டுட்டாங்க."

"ஐயையோ!"

"தனக்கே சம்மன் அனுப்பினாரு. உடம்பு சரியில்லேன்னு தனக்கே லீவ் லெட்டர் எழுதினாரு. படிச்சுப் பாத்து, 'நம்ப முடியலை'ன்னு தள்ளிட்டாரு."

"நீங்க உண்மையைச் சொல்லிடுங்கண்ணே."

"சொன்னேனே. மூணு காகிதத்துலயும் அவரு கையெழுத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு நல்லாப் பாத்தாரு. 'இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது'ன்னு, அங்கேயே கார் நிக்கோபார் தீவுக்கு மாத்தல் ஆர்டர் போட்டாரு."

"தன்னையா?"

"என்னையப்பா. வெள்ளிக்கிழமை கப்பல்."