புளி போட்டுத் தேய்த்த குதிரை

இது வேண்டாம் மக்கா. பளபளன்னுல்லா இருக்கு. எனக்கு அழுக்குக் காசு போதும். குதிரை படம் போட்ட பழைய ஒரு பைசா, கறுத்துப் போய், ஓரத்துல பச்சை பிடிச்சு. நல்லாத் தேடு. நாளைக்குக் காலம்பற அது இல்லாம எனக்கு முடியாது.

சிரிக்காதே. சாலைத் தெருவுல பழங்காசு விக்குற உன்கிட்ட வந்து அழுக்கு கேக்குற மொத ஆளு நான்தான், தெரியும்.

எங்க வீட்டுக்காரருக்குத்தான். வலியசாலையில எங்க மாமனாரு கட்டின வீடு, பின்னால பெரிய முற்றம். மக திவ்யலட்சுமி துபாய்லேர்ந்து மண்ணுக்குள்ள காசு தேடுற மெஷினு ஒண்ணு அனுப்பிட்டா. அவ்வோ அதைக் காதுல மாட்டிக்கிட்டு, கம்பைத் தரைமேல வீசி வீசி நடப்பாவ. பீப்புன்னா தோண்டணும். ஐயோ, என்னத்தைச் சொல்ல! சோடா மூடி, ஆணி, கதவுக் கொண்டி. என் கறிவேப்பிலைக் கன்னைப் பிடுங்கிப் போட்டு ஒருநாள் தோண்டினாவ. பாத்தா, வேலைக்கு வந்த பொண்ணு எடுத்துட்டான்னு நான் குறை சொன்ன எவர்சில்வர் கரண்டி!

பின்னே ஒருநாள் குதிரை கிடைச்சுது. நெசமாவே மண்ணுக்குள்ளேர்ந்து. சின்னப் பிள்ளையில அவங்க அப்பா குடுத்த காசு அது. குதிரை புல்லு தின்னட்டும்னு முற்றத்துல புதைச்சு, மேல தண்ணியும் ஊத்தியிருக்காவ. மறுநாள் இடம் தெரியல்லே. அப்பாகிட்ட நல்ல அடி. இத்தனை வயசுக்கப்புறம் அது கிடைச்சா சும்மாவா? ஒரே கூப்பாடு. நான் தோசையைக் கல்லுல விட்டுட்டு ஓடினேன்.

அந்தக் காசா? கிணத்துக்குள்ள கிடக்கு. என் கை சும்மா இருக்காதுல்லா. வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கும்போது, சாமி படத்துக்கு முன்னால இருந்த அதையும் சேத்துப் புளி போட்டுத் தேச்சுட்டேன். குதிரை அப்படியே மின்னுது. மறுநாள் கையில எடுத்துப் பாத்தாவ. இது என் குதிரை இல்லே, ஆரோ என்னை ஏமாத்துதான்னு வீசிட்டாவ.

அதான் வேற குதிரை தேடி வந்தேன். சாயங்காலம் புதைச்சு வச்சா காலையில மெஷினு கண்டுபிடிச்சிரும். ஏமாத்துதான், இல்லேன்னா சொல்லுதேன்?

ராஜா தலை போட்டது வேண்டாம். அணாவும் வேண்டாம். அதுக்கெல்லாம் அவ்வோகிட்ட கதை கிடையாது.

ஆங், இது கொள்ளாம்! நல்ல அழுக்கு.

ஒண்ணு மதி மக்கா. இன்னொண்ணு எதுக்கு? இத்தனை நாளும் தினமும் அந்த ஒண்ணைத்தான் புதைச்சேன். காலையில எடுத்து, குதிரைக் கதை முழுசும் சொல்லி, சாமி படத்துக்கிட்ட வைப்பாவ. பொழுது சாய நான் திருப்பிக் கொண்டுபோய்ப் புதைப்பேன். மறுநாள் அவ்வோளுக்கு அது மொத தடவை. ஓர்மை போயிட்டுதுல்லா.

நானும் ஆருன்னு தெரியாது. காப்பி கொண்டு குடுத்தா, உங்களுக்கு எதுக்கு சிரமம்னு கேப்பாவ. கலியாணமான நாள்லேர்ந்து கிடைக்காத மரியாதை! குதிரை கையில வந்ததும் மட்டும் முற்றத்துல நின்னு, கௌசல்யா, ஓடி வா, கிடைச்சிட்டுன்னு கூப்பிடுவாவ. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்த வீட்டுல என்னை ஆரும் பேரு சொல்லிக் கூப்பிடல்லே.

ஏ, துடைக்காதே மக்கா! அப்படியே பொதிஞ்சு தா.