எதிர் நாற்காலியை விட்டு எழும் எங்கள் தலைமை ஆய்வாளருக்கு

ஓய்வூதிய நிதியத்தின் உறங்காத காவலே! பளபளக்கும் படங்களைக் கண்டு மயங்காத பார்வையே! தலைவரே தலையாட்டிய பின்னும் தலையாட்டாத தைரியமே! வணக்கம்.

செவிலியரும் ஓட்டுநரும் துப்புரவாளரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த சேமிப்பை எங்கே முதலீடு செய்வதென்று முடிவெடுக்கும் அறை நம்முடையது. அங்கே ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டீர்கள். அதில் அமர்பவர், தமக்கே பிடித்த திட்டமானாலும், எதிர்த்துப் பேசியே தீர வேண்டும். முதுகை ஒடிக்கும் அந்த எதிர் நாற்காலியில் முக்கால்வாசி நாள் தாங்களே அமர்ந்தீர்கள்.

மகளின் பிரசவத்துக்காகத் தாங்கள் விடுப்பில் சென்றபோது அது காலியாகக் கிடந்தது. அந்நேரம் பார்த்துக் கண்ணாடியிழை கேபிள் நிறுவனம் ஒன்று வந்தது. ஒரு வழி அறுந்தாலும் மறுவழி உண்டு என்று, வரைபடத்தில் இரண்டு நிறத்தில் இரண்டு கோடுகளைக் காட்டியது. நாங்களும் ஆகாவென்று கைதூக்கிவிட்டோம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் திரும்பி வந்த தாங்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு, "ரெண்டு கேபிளும் ஒரே பாலத்து மேலதான்பா போகுது. பாலம் போச்சுன்னா?" என்று கேட்டீர்கள். இரண்டாம் வழியை ஆற்றுக்கு அடியில் கொண்டுபோன பிறகே நம் நிதி நகர்ந்தது. பிற்பாடு அந்தப் பாலத்தை இடித்துக் கட்டியபோதும் யாருடைய ஓய்வூதியத்துக்கும் பங்கம் வரவில்லை.

அத்தகைய தாங்கள், பணி ஓய்வு பெற்றுப் போகிற போக்கில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். "கேபிளம்மா" என்று நாங்கள் செல்லமாக அழைக்கும் தாங்களே, செயற்கைக்கோள் நிறுவனத்தில் முதலீடு செய்யப் பரிந்துரைத்திருக்கிறீர்கள்! நடுக்கடல் கப்பலுக்கும் மலையுச்சி மருத்துவமனைக்கும் கேபிள் எட்டாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால், வானில் சுற்றும் கோளுக்கு ஆயுள் குறைவு. பழையது ஓய்ந்ததும் புதியதை ஏவும் செலவு யார் தலையில் விழும்? தங்கள் பரிந்துரையில் அதற்குப் பதிலில்லை.

"அம்மா கடைசியா கேக்கறது. மறுப்பு சொல்லாம பாஸ் பண்ணிடுவோமே" என்றார் தலைவர். அன்பால் சொன்னார். அன்புக்காக அடுத்தவர் சேமிப்பைக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. முடியாது என்றோம், அத்தனை பேரும்.

அஞ்சாத நெஞ்சமே! நோய்நொடி அண்டாமல், பேரப்பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் திணறித் திணறிப் பதில் சொல்லி, நெடுங்காலம் வாழ்க! திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு விருந்தினராக வாருங்கள். பதிலோடு வாருங்கள். ஜன்னலோரத்தில் மட்டும் தங்களுக்கு இடமில்லை. அங்கே உட்கார இப்போதே எங்களுக்குள் அடிதடி.

தங்கள் மேல் மாறாத அன்பும்
தங்கள் பரிந்துரை மேல் தீராத ஐயமும் கொண்ட
முதலீட்டுப் பிரிவு ஊழியர்கள்