கீழ் வீட்டுப் புகை

இல்ல சார், அது ஈரம் இல்ல, பொகக் கறை. நல்லாப் பாருங்க, பால்கனிக் கதவுக்கு மேல மட்டும்தான் இருக்கு. ஒரு தடவ பெயிண்ட் அடிச்சா போயிடும். ஓனரம்மா அடிச்சுத் தரேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க வேற ஊர்ல இருக்காங்க, அதான் சாவி எங்கிட்ட. நான் இதுக்கு நேர் மேல் வீடு. உள்ள வாங்க, செருப்போடவே வாங்க, காலி வீடுதானே.

இது ஹாலு. அது பெட்ரூம். சமையல்கட்டு சின்னதுதான், ஒண்டிக்கட்டைக்கு இது போதும். பிரஸ்ல மிஷின் ஓட்டுறேன்னு போன்ல சொன்னீங்கல்ல? எந்த நேரம் வேல? மத்தியானத்துக்கு மேலயா? அப்ப காலைல பூரா வீட்லதான் இருப்பீங்க. ரொம்ப நல்லதாப் போச்சு. ஏன்னா... சும்மாதான் சார், தண்ணி காலைலதான் நல்லா வரும், அதுக்குச் சொன்னேன்.

சார், நீங்க சிகரெட் புடிப்பீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க, வர்ற எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். மாட்டீங்களா? எப்பவாவது? ஃபிரெண்ட்ஸோட இருக்கும்போது, ஒண்ணே ஒண்ணு? அதுவும் கெடையாதா. ம். நல்ல பழக்கம். ஓனரம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க.

சரி, பாத்ரூமப் பாருங்க. இந்த ஜன்னல் இருக்கே, இதுதான் எல்லாச் சண்டைக்கும் காரணம். எட்டிப் பாத்தா கெணறு மாதிரி நடுவுல ஒரு சந்து தெரியுதா? எல்லா வீட்டு பாத்ரூம் ஜன்னலும் அதுலதான் தொறக்கும். யார் வீட்ல என்ன சோப்பு, யாருக்கு இருமல், யாரு குளிக்கும்போது பாடுறா, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். இதக் கட்டுனவன் எவனோ, அவன் கையில கெடச்சா...

இதுவா? மிட்டாய் டப்பா சார். உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் டப்பா. தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருந்தேனா? சத்தம் தொல்லையா இருந்தா சொல்லுங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குது. உக்காரவா? வேணாம் சார், உக்காந்தா கால் ஆடும். எனக்கு பிரேக்கும் கொஞ்ச நேரம்தான். வீட்லருந்தே வேல பாக்குறேன், காதுல மாட்டிக்கிட்டு, போன்ல திட்டுறவங்ககிட்ட மன்னிச்சிருங்க மன்னிச்சிருங்கன்னு சொல்ற வேல.

முன்னாடி இங்க இருந்தது ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். தங்கமான மனுஷன். வண்டி ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துல நாள் பூரா உக்காந்திருக்கணும். பாவம், சாயங்காலம் வரும்போது மொகம் வெளுத்துப் போயிருக்கும். வந்ததும் வராததுமா இந்த பால்கனியில நின்னு ஒண்ணு பத்த வெப்பாரு. அவ்வளவுதான் அவருக்கு இருந்த ஒரே சொகம். பொண்டாட்டி இல்ல, ஒரே பொண்ணு, ஹாஸ்டல்ல படிக்குது.

எங்க வீட்டுக்காரருக்குத்தான் அது ஆகல. அவரையும் குத்தம் சொல்ல முடியாது சார். அவருக்கு சோப்புக் கம்பெனியில வாசனை பாக்குற வேல. மூக்குதான் அவருக்குச் சோறு போடுது. ரெண்டு சோப்ப நீட்டுனா எதுல மல்லிகை ஒரு சொட்டு கூடங்கறத கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவாரு. பொக உள்ள போச்சுன்னா மறுநாள் மூக்கு மரத்துப் போயிடுமாம். ஒருதடவ எலுமிச்சை கூடிப்போச்சுன்னு தெரியாம விட்டுட்டு மேனேஜர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அன்னிக்கு ஆரம்பிச்சுது.

மொதல்ல மரியாதையாத்தான் போய்ச் சொன்னாரு. மாஸ்டரும் சரிங்கன்னாரு. சரிங்கன்னு சொல்றது ஈஸி, விடுறது ஈஸியா? அப்புறம் எங்க வீட்டுக்காரரு டேபிள் ஃபேனத் தூக்கிட்டு வந்து பால்கனியில கீழ பாக்க வெச்சாரு. பொக மேல வரக் கூடாதாம். அது மாஸ்டர் காயப்போட்ட சட்டையெல்லாத்தையும் ரோட்டுக்குத் தள்ளிட்டுது. அப்புறம் கம்பெனியில மிஞ்சுன சோப்புத் துண்டுகள நூல்ல கட்டித் தொங்க விட்டாரு. பாக்குறவங்கல்லாம் கடை போட்டிருக்கீங்களான்னு கேட்டாங்க. சிரிக்காதீங்க சார், எனக்கு மானமே போச்சு.

எனக்கு மாஸ்டர் மேல கோவம் வரல. கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஆபீசுக்குப் போய் இதே போன் வேல பாத்தேன். அங்க ஒரு அநியாயம் கேளுங்க. சிகரெட் புடிக்கிறவங்க மட்டும் நடுவுல எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போகலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. புடிக்காதவங்க எந்திரிச்சா எங்க போற, எதுக்குப் போறன்னு ஆயிரம் கேள்வி. வானத்தப் பாக்கணும்னாகூட கையில சிகரெட் இருக்கணும். அப்படி ஒரு எடத்துல இருந்து வந்தவளுக்கு மாஸ்டர் கஷ்டம் புரியாதா?

ஆனா எங்க வீட்டுக்காரரு கேட்டாத்தானே. பால்கனியில புடிக்காதீங்கன்னு இவரு சொல்லிச் சொல்லி, மாஸ்டர் ஒருவழியா ரோட்டு முனைக்குப் போய்ப் புடிக்க ஆரம்பிச்சாரு. அப்பவும் எங்க பாத்ரூம்ல நாத்தம் வருதுன்னாரு இவரு. பால்கனியில புடிச்சாத் தெரிஞ்சிடும்னு பாத்ரூம்ல ஒளிஞ்சு புடிக்கிறான் பாருன்னு கத்துனாரு. இந்தச் சந்து வழியாத்தான் மேல வருதுன்னு அவரே துப்புக் கண்டுபுடிச்ச மாதிரி பில்டிங்குல எல்லார்கிட்டயும் சொன்னாரு. எனக்கு வேற இருமல். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. டாக்டர் நெஞ்சுல கொழாய வெச்சுப் பாத்துட்டு, வீட்ல யாராவது சிகரெட் புடிக்கிறாங்களான்னு கேட்டாரு. இவரு உடனே, கீழ் வீட்டுக்காரன் புடிக்கிறான் டாக்டர், என் பொண்டாட்டிய சாகடிக்கிறான்னாரு. சொல்லும்போது அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு சார். நெசமாவே கலங்கிடுச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து என் தலையில மூக்க வெச்சு மோந்து பாத்தாரு. பாரு, உன் முடியிலகூட அவன் சிகரெட் ஏறிடுச்சுன்னு சொல்லிட்டு, நேரா கீழ எறங்கிப் போய் இந்தக் கதவ ஒதைச்சாரு. இதோ, இந்தக் கதவுதான். கீழ பள்ளம் தெரியுதா?

இருங்க, ஜன்னலத் தொறந்துக்குறேன். புழுக்கமா இருக்கு. உங்களுக்கு இல்லையா? சரி, எனக்குத்தான்.

அதுக்கப்புறம்தான் அந்தக் கூத்து. மாஸ்டர் சிகரெட்டையே விட்டுட்டாரு. எங்க வீட்டுக்காரருக்குப் பயந்து இல்ல. கார் ஓட்டக் கத்துக்க வந்த ஒரு பொண்ணு, மாஸ்டர் உங்க பக்கத்துல உக்கார முடியல, எனக்கு வேற ஆளப் போடுங்கன்னு சொல்லிட்டுதாம். வெக்கத்துல அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சு எங்க வீட்டுக்கு வந்தாரு. குளிச்சு, நல்ல சட்ட போட்டுக்கிட்டு, பரீட்சையில பாஸான புள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டே வந்தாரு. சார், விட்டுட்டேன் சார், இனிமே நாம பழையபடி பேசிக்கலாம்னு கையை நீட்டுறாரு. இவரு கையக் கொடுக்கல. மூக்க ரெண்டு தடவ உறிஞ்சுனாரு. பாத்ரூம் பக்கம் நடந்தாரு. திரும்பி வந்து, இப்பக்கூட நாறுதுடா, யார்கிட்ட கதை விடுறன்னாரு.

மாஸ்டருக்கு அழுகையே வந்திருச்சு. என் பொண்ணு மேல சத்தியம் சார், நான் தொடலன்னாரு. இவரு, பெத்த புள்ள மேல பொய் சத்தியம் பண்றியேடான்னு கேட்டாரு. அந்த வார்த்தைக்கப்புறம் ஒரு மனுஷன் எப்படி சார் அந்தப் படியில ஏறி எறங்குவான்? இவரு ஓனரம்மாவுக்குப் போன் மேல போன். அவங்களும் எதுக்குத் தொல்லைன்னு காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

அப்புறம் பொக எங்கருந்து வந்துச்சுன்னா? அத... இருங்க சார், வரேன்.

இப்ப வீடு காலியா இருக்கு. எங்க பாத்ரூம்ல ஒரு நாத்தம் கெடையாது. அவரு காலைல எந்திரிச்சு உள்ள போய் மூச்ச இழுத்து விட்டு, பாத்தியா, போனான், போச்சுன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்றாரு, நான்தான் அப்பவே சொன்னேனே, என் மூக்கு பொய் சொல்லுமான்னு. அதத்தான் சார் என்னால தாங்க முடியல.

மாஸ்டர் சாமானெல்லாம் வண்டியில ஏத்திட்டு, சாவியக் குடுக்க மேல வந்தாரு. இவரு வேலைக்குப் போயிருந்தாரு. நான் ஏலக்காய மென்னுக்கிட்டு கதவத் தொறந்தேன். என்னயே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் பையிலருந்து இந்த டப்பாவ எடுத்து, சாவியோட சேத்து என் கையில வெச்சாரு. சாம்பல் தட்டுறதுக்கு வெச்சிருந்தேம்மா, எனக்கு இனிமே வேணாம்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. இவர்கிட்டயும் சொல்லல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு பேரு கெட்டிருக்காது. சொல்லாமலே போயிட்டாரு.

இன்னிக்கு சாயங்காலம் வீடு பாக்க இன்னொரு பார்ட்டி வர்றாங்க. அக்கா, தங்கச்சி. ரெண்டு பேருமே டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, ரெண்டு பேருக்குமே வீசிங். ஓனரம்மாவுக்கு அவங்களத்தான் புடிச்சிருக்கு. அவங்க வந்துட்டா என் கதி அதோகதி. தண்ணிச் சத்தம், பேச்சுச் சத்தம்னு தொல்லை பண்ணுவாங்கன்னு நினைச்சீங்களா? அதில்ல சார். ஊதுவத்திப் பொகைக்கே மூச்சு முட்டுற அந்த ரெண்டு பேரையும் பாத்து, நீங்கதான் ஒளிஞ்சு சிகரெட் புடிக்கிறீங்கன்னு எங்க வீட்டுக்காரரால சொல்ல முடியுமா?

சார். உங்க பேண்ட் பாக்கெட்டுல சதுரமாத் துருத்திக்கிட்டு இருக்கே, அது என்ன?

அட, எதுக்கு மறைக்கிறீங்க! வீடு கெடைக்காதுன்னா பொய் சொன்னீங்க? புடிப்பீங்கதானே? சத்தியமா? தெனமும்? அப்பாடா! வயித்துல பால வாத்தீங்க. இந்த வீடு உங்களுக்குத்தான். நான் இப்பவே ஓனரம்மாவுக்குப் போன் போட்டு, ரொம்ப நல்ல மாதிரின்னு சொல்லிடுறேன். ஒரே ஒரு கண்டிஷன். பால்கனியில வேணாம். பாத்ரூம்ல, இந்த ஜன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டுப் புடிங்க. காலைல அவரு வேலைக்குக் கெளம்புனப்புறம் ஒண்ணு, நீங்க பிரஸ்ஸுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு. அதுக்கு மேல உங்க இஷ்டம்.

அவரு சண்டைக்கு வருவாராவா? வருவாரு. கண்டிப்பா வருவாரு. ஃபேனு, சோப்பு எல்லாம் மறுபடி கெளம்பும். நீங்க, சரி சார், கொறைச்சுக்கிறேன் சார்னு சொல்லுங்க, போதும். நீங்க நெசமாவே புடிக்கிறவரு, உங்களுக்கு ரொம்ப வலிக்காது. புடிக்காத மனுஷன் மேல பழியப் போட்டாரு பாருங்க, அதுதான் சார் பாவம். மறுபடி அப்படி ஒருத்தர இங்க குடி வெக்க என்னால முடியாது. நானும் விட்டுடலாம்னுதான் பாத்தேன். மாஸ்டர் போன நாள்லேருந்து தொடல. அதான் இந்த டப்பாவத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருக்கேன்.

அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க. பிரேக் முடியறதுக்குள்ள ஒண்ணு குடுங்க சார். என்ன அப்படி முழிக்கிறீங்க? தீப்பெட்டி எங்கிட்ட இருக்கு.