முன் வரிசையில் அசையாமல் நின்றவன்

— அதெல்லாம் இருக்கட்டும் ராசா, மொதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு.

— தொப்பி எதுக்குங்க?

— காதுக்கு மேல ரெண்டு பக்கமும் மிளகு மாதிரி ஒட்டிருக்கே, மைக்தான அது? நேத்து எங்க கச்சேரிய திருட்டுத்தனமா பதிவு பண்ணிருக்க.

— உங்க கச்சேரியா? ஐயோ! நீங்க... சால்ட் டிரக்ஸ் குழுப் பாடகர் வெஸ்! மில்வாக்கில, எங்க தெரு காபிக் கடையில, என் எதிர்ல!

— கத்தாத. உன் பேரு என்ன?

— லைல். லைல் புரோஹாஸ்கா. உள்ளதச் சொன்னா, உங்க குழு பிரியறதுக்கு முன்னாடி எத்தன கச்சேரி பதிவு பண்ணிருக்கேன் தெரியுமா! ஒண்ணக்கூட வித்ததில்ல. கச்சேரி பதிவு பண்ற எங்க ஆளுங்களுக்குள்ள அது பெரிய பாவம். கேக்குறவனுக்குச் சும்மா குடுத்துடுவோம்.

— வித்தியா விக்கலயான்னு எவன் கேட்டான், ராசா? அழிச்சிடு. இப்பவே, என் கண்ணு முன்னாடி.

— அழிக்கிறதா! ஏன் வெஸ்?

— ஏன்னா அது கச்சேரி இல்ல, எழவு வீடு. பதினாறு வருஷம் முன்னாடி கூட்டமே ஊளையிட்டு, பீர் கப்ப விட்டெறிஞ்சு எங்கள மேடையிலேர்ந்து எறக்கிவிட்டுச்சு. அதுலதான் பிரிஞ்சோம். அப்பவாவது சத்தம்னு ஒண்ணு இருந்துச்சு. நேத்து மறுபடி சேந்து பாடினா, அதுவும் இல்ல. கராஜ் பாட்டுல ரெண்டாவது சரணம் எனக்கு மறந்தே போச்சு. வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறேன், ஒரு பய மூச்சு விடல.

— மூச்சு விடலயா? யாரு?

— இன்னைக்கு சிகாகோல அடுத்தது. நான் போகப் போறதில்ல. வெளிய வண்டியில மார்லா ஒக்காந்திருக்கா, எங்க பேஸ் கிடார் வாசிக்கிறவ. இந்த முட்டையத் தின்னு முடிச்சதும் போய்ச் சொல்லிடுவேன், என்ன விட்டுடும்மான்னு. இந்தத் தடவ பிரிஞ்சா பிரிஞ்சதுதான்.

— வெஸ், யாரோ உங்களுக்குத் தப்பா...

— எனக்கு யாரும் சொல்லத் தேவையில்ல. நீதான் சாட்சி! விளக்கு கண்ண அடிக்கும், மேடையிலேர்ந்து பாத்தா முன் வரிசையில ரெண்டு மூணு மூஞ்சிதான் தெரியும். நட்டநடுவுல உன் மூஞ்சி. ஒரு தலையாட்டல் உண்டா? ஒரு கைதட்டல் உண்டா? கொடிக்கம்பம் மாதிரி நிக்கிற. கடைசி அஞ்சாறு பாட்டு உனக்காகத்தான்யா பாடினேன். இந்த ஒருத்தன அசைச்சுட்டா போதும்னு தொண்டை கிழியப் பாடினேன்.

— அசையக் கூடாது வெஸ்! மைக் என் தலையில இல்ல இருக்கு? நான் தலைய ஆட்டினா உங்க குரல் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் ஊஞ்சலாடும். கை தட்டினா இடி விழுந்த மாதிரி பதிவாகும். தும்மல் வந்தாக்கூட அப்படியே முழுங்கிடுவோம்.

— அப்ப பிடிக்காம நிக்கல நீ?

— பிடிக்காமயா! கழுத்து சுளுக்கிக் கெடக்கு, பாருங்க, அந்தப் பக்கம் திருப்ப முடியல. கல்யாணத்துல பாதிரியார் முன்னாடிகூட இவ்வளவு ஒழுங்கா நின்னதில்லன்னு என் பொண்டாட்டி திட்டுறா.

— சரி, உன்ன விடு. மத்தவங்க?

— அவங்க பேச்ச எடுக்காதீங்க, வயிறு எரியுது. உள்ளதச் சொன்னா, இந்தப் பதிவ வெளிய குடுக்கவே எனக்குக் கூசுது. பதிவே பாழ். சுத்தி நின்னதுங்க எல்லாம் கத்து கத்துனு கத்திருக்கு. உங்க குரலத் தேடித்தான் கேக்கணும்.

— மார்லாவும் இதத்தான் சொல்றா. கூட்டம் பாடுச்சு, கூட்டம் பாடுச்சுன்னு. என்னத் தேத்துறா. நீயும் ஆரம்பிக்காத.

— அப்ப கேட்டுப் பாருங்க.

— வேணாம்.

— கேட்டுட்டு அழின்னா அழிச்சிடறேன், சத்தியமா. கேக்காம அழிக்கச் சொன்னா என் கை வராது.

— பிடிவாதக்காரன்யா நீ. சரி, குடு.

— இந்த ஹெட்போன ரெண்டு காதுலயும் நல்லா அமுக்கிக்குங்க. கராஜ் பாட்டு, ரெண்டாவது சரணம். இதோ.

— என்னய்யா இது இரைச்சல்!

— மெதுவா, மெதுவா! கடையே நம்மளத்தான் பாக்குது.

— யாரு பாடுறது இது?

— எது?

— நான் விட்ட சரணத்த! யாரு இது?

— கூட்டந்தான்.

— கூட்டம்னா? எல்லாருமா?

— பீர் ஊத்திக் குடுக்குறவன்கூட. அந்தக் கட்டக் குரல் கேக்குதுல்ல, அவன்தான். அவனாலயே பாதி பாழ்.

— ஒரு வார்த்த தப்பலயே. எழுதினவன் நான், எனக்கு மறந்துச்சு, இவங்களுக்கு மறக்கலயே!

— அதான் சொன்னேனே, பதிவு சரியில்லன்னு.

— வாய மூடு ராசா. இன்னொரு தடவ போடு.

— வெஸ்! அங்க வண்டிய ஓடவிட்டுட்டு ஒக்காந்திருக்கோம், நீ இங்க என்ன பண்ற? சுருக்கமாச் சொல்லு, சிகாகோ உண்டா இல்லயா? ஏய், எதுக்கு அழுவுற? யோவ் தொப்பி, இவன என்ன பண்ணின?

— நான் ஒண்ணுமே பண்ணலங்க மார்லா! சும்மா காதுல மாட்டிவிட்டேன்!

— மார்லா, ஒக்காரு. இந்தா, நீயும் கேளு. கூட்டம் பாடிருக்கு மார்லா!

— ராத்திரி பூரா நான் என்ன பாஷையில சொன்னேன்?

— நீ சொன்னா ஆறுதலுக்குச் சொல்ற. இது பொய் சொல்லாது. கேளு, கேளு, இந்த எடத்தக் கேளு!

— ...ஆமா. இவ்வளவு நல்லா இருந்துச்சா?

— சிகாகோ உண்டு! போய்ச் சொல்லு எல்லார்கிட்டயும். இரு இரு, மொதல்ல லைலுக்குப் பொரிச்ச சீஸ் ஒரு தட்டு சொல்லு. எனக்கும் ஒண்ணு. எனக்கு இப்பத்தான் பசியே எடுக்குது.

— வெஸ், கோச்சுக்காம ஒண்ணு கேக்கட்டா? இவ்வளவு சத்தம் உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு?

— மேடை ஏறினாலே என் காதுல தக்கை மாதிரி ஒண்ணு அடைச்சிடுறாங்களே, லைல். எனக்குக் காது பாதி போச்சு, மேடை ஸ்பீக்கர் பெட்டிச் சத்தம் இனி ஆகாதுன்னுட்டார் டாக்டர். எங்க பாட்டு மட்டும் அந்தத் தக்கை வழியா நேரா உள்ள வரும்.

— பாட்டு மட்டுமா? கூட்டத்தப் பாத்து மேடை ஓரத்துல ரெண்டு மைக் வெப்பாங்களே, அந்தச் சத்தத்தையும் சேத்துத்தான அனுப்புவாங்க? நேத்து வெச்சிருந்தாங்க, நானே பாத்தேன்.

— அட, ஆமா! சாயங்காலம் ஒத்திகை பாத்தப்ப வந்துச்சு. அரங்கத்தப் பெருக்குறவர் இருமினதுகூடக் கேட்டுச்சு. கச்சேரியில எதுவும் வரல, அதான் எல்லாரும் ஊமையா நிக்கிறாங்கன்னு நெனச்சேன். அந்த சவுண்டுக்காரப் பய தொறக்க மறந்திருக்கான்! சிகாகோ போனதும் இருக்கு அவனுக்கு.

— அவனத் திட்டாத வெஸ்.

— ஏன் திட்டக் கூடாது? என்னக் கொன்னே போட்டிருப்பான் மார்லா!

— அந்த மைக்க அடைச்சு வைன்னு அவன்கிட்ட சொன்னது நான்தான். மறுபடியும் ஊளையிட்டாங்கன்னா, அது உன் காதுல விழக் கூடாதுன்னு.