கபெஸ்தேரில் பெண் வீட்டார்

ஸ்டோவ்னருக்குப் போகும் சுரங்க ரயிலில், என் எதிரே இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள். “மாப்பிள்ளையைப் பாக்கப் போன என்னை வேலிக்கு வெளியிலை நிப்பாட்டிப் போட்டினம்” என்றார் மூத்தவர். அதன் பிறகு என் கையிலிருந்த புத்தகம் வெறும் மறைப்புத்தான்.

“எங்கை அக்கா?”

“குவாதலூப் தீவிலை, கபெஸ்தேர் எண்ட ஊரிலை. மகள் விரும்பின பெடியன்ரை ஊர். பின்னாலை எரிமலை, அதிலையிருந்து கடல்மட்டும் வாழை. முந்திக் கரும்பாம். அடிமையளை விடுதலை செய்தாப்பிறகு, கரும்பு வெட்டக் காரைக்காலிலையிருந்து கப்பலிலை கொண்டுபோன சனம்தான் இவையின்ரை பூட்டன், பூட்டி.”

“தமிழ் கதைப்பினமோ?”

“ஒரு சொல்லும் தெரியாது, பிரெஞ்சுதான். இவைக்கு என்ன சைவம் தெரியப்போகுதெண்டுதான் நானும் போனனான். வாழைத்தோட்டத்துக்கு நடுவிலை மாரியம்மன் கோயிலடி! விளங்காமலே தமிழிலை பாடுகினம். எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. உள்ளை காலெடுத்து வைக்க, பெடியன்ரை தாய் மறிச்சுப்போட்டா. பூசைக்கு முதல் அவையள் கனநாள் மச்சம் மாமிசம் தொடமாட்டினமாம். நீங்கள் விரதம் பிடிச்சனீங்களோ எண்டு கேட்டா.”

“என்ன சொன்னனீங்கள்?”

“பிளேனிலை லக்ஸ் மீன் சாப்பிட்டனான் எண்டு உண்மையைச் சொல்லிப்போட்டன். வெளியிலை நிண்டுதான் கும்பிட்டனான்.”

அன்று வெள்ளிக்கிழமை. ஸ்டேஷனில் வாங்கிய இறைச்சிச் சொசேஜைப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

“அப்ப கலியாணம்?”

“நான் ஓமெண்டிட்டன். அந்த மனுசிதான் எங்கடை குடும்பத்தைப் பற்றி இன்னும் யோசிக்கிறாவாம்.”