ஹார்லனுக்கு ஓர் இரங்கல் உரை

செத்தவரைப் பற்றி நல்லபடியாகப் பேசுவது எல்லோருக்கும் கைவராது, ஷெரீஃப் ஐயா. நம்மூர்ப் பாதிரியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் போனாலும் அதே நாலு வரி, நடுவில் ஒரு தும்மல். அதனால்தான் எங்கள் கரடிச் சகோதரர் சங்கத்தில் அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள். பன்றிப் பண்ணை க்ளெட்டஸே என் பேச்சைக் கேட்டுவிட்டுக் கைக்குட்டை கடன் வாங்கியிருக்கிறார்.

ஹார்லன் லுண்டை உங்களுக்குத் தெரியும். எங்கள் முன்னாள் தலைவர். பனி கொட்டினால் தன் வாசலை விட்டுவிட்டு விதவைகள் வீட்டு வாசலை முதலில் வாரித் தள்ளுகிறவர். என் மனைவி போனபோது மாதம் முழுக்க எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். அப்பேர்ப்பட்டவருக்கு ஏனோதானோவென்றா எழுதுவது? போன வருஷம் அவர் நிமோனியாவில் படுத்ததுமே நான் உரையை எழுத உட்கார்ந்துவிட்டேன். அவர் பனி வாரித் தள்ளுவதைப் பற்றி அதில் ஒரு பத்தி வரும்.

எங்கள் வழக்கம் இதுதான். டிசம்பர் முதல் ஞாயிறன்று, அந்த வருஷம் போனவர்களின் பேரை மூன்று முறை கூப்பிடுவோம். பதில் வராவிட்டால் அவர் பேரில் ஏற்றிய மெழுகுவர்த்தியை அணைப்போம். அதன் பிறகுதான் நான் பேசலாம். போன வருஷம் அதற்கு முந்தின நாள், ஹார்லனுக்குப் பொழுது விடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நாங்களும் நம்பிப் பேரைச் சேர்த்துவிட்டோம். மூன்றாம் முறை கூப்பிட்டேன். கதவைத் திறந்துகொண்டு, ஆஸ்பத்திரி அங்கிமேல் கோட்டை மாட்டியபடி ஆள் வந்து நிற்கிறார்.

"இருக்கேன் பிரதர், இருக்கேன். எதுக்கு இந்தக் கத்து கத்துறே? சாப்பாடு ஏதாச்சும் மிச்சமிருக்கா?"

எல்லோரும் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும்தான் அழுதேன். உரை என் கையில் மடித்தது மடித்தபடியே இருந்தது.

அதோடு விட்டாரா மனுஷன்? மளிகைக் கடையில் பார்த்தாலும் சரி, முடிவெட்டும் கடையில் பார்த்தாலும் சரி, என்ன எழுதியிருக்கிறாய், படித்துக் காட்டு என்று ஒரே நச்சரிப்பு. சங்கத்து விதிப்படி முடியாது என்றேன். "அப்ப நான் செத்தாத்தான் கேக்க முடியுமா?" என்று சிரித்தார். கேட்க ஆசைப்பட்டது அவர்தான், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போதாக்குறைக்கு, பன்றி இறைச்சியை விட்டுவிட்டு ஓட்ஸ் கஞ்சிக்கு மாறினார். நீச்சல் வேறு. கன்னமெல்லாம் சிவந்து, ஆள் வருஷத்துக்கு வருஷம் இளமையாகிவிடுவார் போலிருந்தது. எனக்கோ எழுபத்தெட்டு வயது. நான் முந்திக்கொண்டால் அந்த உரையின் கதி என்ன?

போன மாதம், சங்க மண்டபத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கரடித்தலை கோணலாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். நிஜமாகவே கோணலாகத்தான் இருந்தது. நான் பொய் பேசுகிறவன் இல்லை. "ஏணியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ பிரதர்" என்று ஏறினார். அவர் உச்சிப்படிக்குப் போகும்வரை கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன்.

விபத்து என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நேற்று அஞ்சலி முடிந்ததும் என்னிடம் வந்து, "ரெண்டே வாரத்துல இப்படி எழுதிட்டீங்களே" என்றீர்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. ரெண்டு வாரமா? ஒரு வருஷத்து உழைப்பு, ஐயா. நான் மாற்றியது ஒரே ஒரு வரி. 'தூக்கத்தில் அமைதியாகப் போனார்' என்று இருந்ததை, 'சங்கத்துக்காக உழைத்தபடியே போனார்' என்று ஆக்கினேன். அவ்வளவுதான்.

ஆமாம், ஏணியைத் தள்ளியது நான்தான். அதைக் கொலை என்பீர்கள். ஆனால் நேற்று அவர் பேரை மூன்று முறையும் வழக்கத்தைவிட உரக்கவே கூப்பிட்டேன். வாசல் கதவைக்கூடத் திறந்துவைத்திருந்தேன். பதில் சொல்லாமல் இருந்தது அவர்தான்.