கேப்டன் சொன்னது

ஹெட்செட்டை நெடுநேரம் மாட்டியிருந்தால் காது மடல் வலிக்கும் ஐயா. பழைய பனியனைக் கிழித்து உறை மாதிரி சுற்றிக்கொண்டால் வலிக்காது. மேக்ஸ்வெல் ஹெட்செட்டில் நீலத் துணி எதற்கு என்று விசாரணைக்குப் போனபோது அவன் வீட்டில் கேட்டீர்களாமே. அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பனியனும் என்னுடையதுதான்.

என் பெயர் மதுரைவீரன். பாடியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஷிஃப்ட் விட்டால் நேராக வேலப்பன்சாவடி கேமிங் சென்டர். அங்கே எங்களுக்கு ஐந்து பேர் கொண்ட டீம் இருந்தது. கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை ஆட்டம்; பாம் வைக்கிற தீவிரவாதிகள் ஒரு பக்கம், அவர்களைப் பிடிக்கிற படை ஒரு பக்கம். படைப் பக்கம் ஆடுவதுதான் எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் ஆட்டத்துக்கென்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்பா வைத்த பெயரே போதுமானதாக இருந்தது. நான் கேப்டன்.

எங்கள் டீமில் ஒரு பழக்கம் உண்டு. கேப்டன் ஆர்டர் கொடுத்தால் முதலில் செய்ய வேண்டும். ஏன் என்பதை ஆட்டம் முடிந்த பிறகு கேட்கலாம். ‘ஏண்ணா?’ என்று இழுக்கிற நேரத்தில்தான் ஆள் சாகிறான். வந்த புதிதில் மேக்ஸ்வெல் நிறையக் கேள்வி கேட்பான். கேட்ட அன்றெல்லாம் அவனை ஆட விடாமல் நாற்காலியில் உட்கார வைத்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கும், ஆனால் எழுந்து போக மாட்டான். பிறகு கேள்வி நின்றுவிட்டது. ‘வலது’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வலது பக்கம் திரும்பியிருப்பான். அப்படி ஒரு பிள்ளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பொங்கல் முடிந்து ஒருநாள் சென்டருக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்தான்.

“வீரண்ணா, பெங்களூர் டீம்ல என்ன எட்த்துக்கினாங்க. எல்லாம் உன்னாலதாண்ணா.”

என்னால்தான் என்கிறான், என்னை விட்டுவிட்டும் போகிறான். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது. ஆனாலும் தோளில் தட்டிக்கொடுத்து, ஒரு மைசூர்பாகு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே ஆவடியில் அவன் ஊட்டில் எனக்கு விருந்து. பாருங்கள், அவனோடு பேசிப் பேசி எனக்கும் ஊடு என்றே வருகிறது. மூன்றாவது மாடி. அவன் அம்மா ரோஸி கோழிக் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அவன் அப்பா ஜோசப்ராஜ் என்னைப் பின் பால்கனிக்குக் கூட்டிப்போனார்.

“தம்பி, நீ ஃபிட்டராச்சே. இந்தத் தண்ணி பைப்பு ஆடிக்கினே கீது, கொஞ்சம் பாரேன்.”

கையை வைத்துப் பார்த்தேன். பைப்பைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்ப் எல்லாம் துருப்பிடித்துக் கழன்றிருந்தது. அடுத்த முறை வரும்போது கம்பெனியிலிருந்து கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்றேன்.

குடியரசு தினத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அவன் வீட்டார் எல்லோரும் ஞானஸ்நான விசேஷத்துக்கு அம்பத்தூர் போயிருந்தார்கள். மத்தியானம் அவனும் நானும் மட்டும் பயிற்சி ஆடினோம். அவன் அவன் வீட்டில், நான் திருமழிசையில் என் ரூமில். நடுவில் மைக்கை அணைத்துவிட்டு போலீஸ் கண்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டேன். நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிற அந்த சிம், ஷேர் ஆட்டோவில் எனக்குக் கிடைத்தது. தகவல் சொல்வது எங்கள் ஆட்டத்தில் பாதி வேலை. எந்த இடம், எத்தனை பேர், கையில் என்ன. அதே ஒழுங்கில் சொன்னேன். மூன்றாவது மாடி, ஒரே ஆள், துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று.

அவனுக்குத் தீங்கு நினைத்து அதைச் செய்யவில்லை. கேஸ் என்று ஒன்று வந்தால் பெங்களூர்க்காரர்கள் கைகழுவி விடுவார்கள், பையன் பழையபடி சென்டருக்கு வந்துவிடுவான். அவ்வளவுதான் நான் யோசித்தது.

உங்கள் ஆட்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஹெட்செட்டில் கதவு தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது.

“வீரண்ணா, போலீஸ்னு கத்திக்கினு கதவ இடிக்கிறாங்க. இன்னாண்ணா பண்றது? தொறக்கட்டுமா?”

அப்போதுதான் என் யோசனையில் இருந்த ஓட்டை தெரிந்தது. திறந்தால் என்ன ஆகும்? கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள், இதுதானா துப்பாக்கி என்று சிரிப்பார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போவான். இதையெல்லாம் யோசிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

“தொறக்காத. பின்னாடி பால்கனிக்குப் போ. பைப்பப் புடிச்சி எறங்கு.”

“ஏண்ணா? நான் இன்னா தப்பு பண்ணேன்?”

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஏன் என்று கேட்டான். “அப்பால சொல்றேன். எறங்கு” என்றேன். சரிண்ணா என்றான். ஒயர் இல்லாத ஹெட்செட், கழற்றாமலே ஓடினான். செருப்பில்லாத கால் தரையில் ஓடுகிற சத்தம், பால்கனிக் கதவுச் சத்தம், பிறகு அவன் மூச்சு. அதற்குப் பிறகு பைப்போடு அவன் கீழே விழுந்தது உங்கள் ஆட்கள் கண்ணெதிரில் நடந்தது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஜோசப்ராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கும் அழுகை வந்தது. பொய் அழுகை இல்லை.

நேற்று அவன் தங்கை ஸ்டெஃபி என்னைத் தேடி வந்தாள். பயிற்சியை ரெக்கார்டு செய்து பிறகு போட்டுக் கேட்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு மேக்ஸ்வெல் ரெக்கார்டு செய்ததை அவள் முழுக்கக் கேட்டுவிட்டாள். என்னைச் சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று நினைத்தேன். அவளோ என் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொன்னாள்.

“அவன காப்பாத்ததான் சொன்னீங்கண்ணா. பதட்டத்துல தப்பா சொல்லிட்டீங்க. உங்க மேல எங்களுக்குக் கோவமே இல்ல.”

ராத்திரி முழுக்க அது என்னை அறுத்தது ஐயா. அந்த ரெக்கார்டிங்கை டீம் பையன்களும் கேட்பார்கள், பெங்களூர்க்காரர்களும் கேட்பார்கள். வீரன் பதறிப்போய் உளறிவிட்டான் என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். அதனால்தான் விடிந்ததும் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அந்த பைப்பில் ஒரு கிளாம்ப்கூட நிற்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். தயவுசெய்து அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒருநாளும் தப்பான ஆர்டர் கொடுத்தவன் இல்லை.